மரபுத்தொடர்ப் பொருளுணர்தலும் இருபத்திப் பட்டியலும்: பாலக்காடு, இடுக்கி எல்லைத் தமிழ் மாணவரை முன்வைத்து ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

சொற்களின் பொருளைத் தனித்தனியே அறிந்தவர்க்கும் அச்சொற்கள் சேர்ந்து நிற்கும் தொடரின் பொருள் விளங்காமற் போவதுண்டு. 'கை' என்பதும் 'கழுவு' என்பதும் தெரிந்த அயல்மொழியாளர் ஒருவர் 'மகன் தந்தையைக் கைகழுவிவிட்டான்' என்னும் தொடரைக் கேட்டால், தந்தைக்கு மகன் பணிவிடை செய்ததாகவே கொள்ளக்கூடும். தொடரின் பொருளோ அதற்கு நேர்மாறானது. உறுப்புச் சொற்களின் பொருளைக் கூட்டிப் பெற இயலாத இத்தகைய தொடர்களையே மரபுத்தொடர் என்கிறோம்.

ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவர் இவ்விடர்ப்பாட்டை அம்மொழியில் சந்திக்கின்றனர். அவர்களுக்கு உதவும் பொருட்டு இலக்கணத் துணைநூல்களும் தேர்வு வழிகாட்டிகளும் ஒரு பட்டியலைத் தருகின்றன. இடப்பத்தியில் ஆங்கில மரபுத்தொடர், வலப்பத்தியில் அதற்கு ஒரு தமிழ்ச் சொல் அல்லது தொடர் என்பது அதன் அமைப்பு. இதனை இக்கட்டுரை 'இருபத்திப் பட்டியல்' எனக் குறிக்கிறது. இப்பட்டியல் எந்த அளவிற்குப் பொருளை உணர்த்துகிறது என்பதைக் கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்ட எல்லைப் பகுதிகளில் தமிழ்வழி பயிலும் மாணவரை மனத்திற்கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அப்பகுதியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அங்கே தமிழுக்கும் ஆங்கிலத்திற்கும் இடையில் மலையாளம் என்னும் மூன்றாவது மொழி நிற்கிறது. அம்மொழி சில தொடர்களில் மாணவர்க்கு வழிகாட்டுகிறது. சிலவற்றில் தமிழோடு சேர்ந்து வழிதவறச் செய்கிறது. இருபத்திப் பட்டியல் இவ்விரண்டையும் காண்பதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. எல்லைப் பகுதியின் மொழிச்சூழல்

1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பிற்கு முன்னர் இப்பகுதிகள் மூன்று வெவ்வேறு ஆட்சிகளின்கீழ் இருந்தன. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சிற்றூர் கொச்சி அரசின் பகுதியாக விளங்கியது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரைச் சார்ந்தவை. இவ்விரு வட்டங்களும் தமிழ்நாட்டுடன் சேர வேண்டும் என்ற கோரிக்கை எழுந்து, அது நிறைவேறாமற் போனதைப் பலரும் அறிவர். இடுக்கி தனி மாவட்டமானது 1972இல்.

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஆகிய ஊர்களிலும், இடுக்கியில் மூணாறு, மறையூர், வட்டவடை, வண்டிப்பெரியாறு, குமிளி முதலிய இடங்களிலும் தமிழர் கணிசமாக வாழ்கின்றனர். இவ்விரு பகுதித் தமிழும் ஒரு தன்மையது அன்று. முன்னது கோவை, பொள்ளாச்சி வட்டார உழவர் பேச்சோடு உறவுடையது. பின்னதில் அஞ்சுநாட்டு ஊர்களின் பழைய குடிகளது பேச்சும், தேயிலைத் தோட்டங்களுக்குத் தென்மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர் பேச்சும் அடங்கும். ஆங்கிலேயர் நடத்திய தோட்டங்களில் 'மஸ்டர்', 'லயம்' போன்ற சொற்கள் வழங்கியதால், ஆங்கிலச் சொல் அங்கே பள்ளிக்கு முன்பே வீட்டிற்குள் நுழைந்துவிட்டது. ஆயினும் சொல் நுழைந்த அளவிற்கு ஆங்கில மரபுத்தொடர் நுழையவில்லை.

தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெறுவதற்கு அரசமைப்பின் 350அ பிரிவு வழிவகுக்கிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ளும் உரிமையை ஏற்கிறது. இவற்றால் தமிழ்வழிப் பள்ளி நிலைபெற்றது. ஆனால் அம்மாணவர் கடைத்தெருவிலும் பேருந்திலும் செய்தித்தாளிலும் எதிர்கொள்ளும் மொழி மலையாளம்; அரசுப் பணித் தேர்வின் ஆங்கிலப் பகுதியில் விடையளிக்க வேண்டியதோ ஆங்கில மரபுத்தொடர்களுக்கு.

3. இலக்கண மரபும் மொழியியலும்

மரபுத்தொடர் என்னும் கலைச்சொல் பிற்காலத்ததாயினும், சொல் தன் இயல்பான பொருளை விட்டு வேறொன்றை உணர்த்தும் நிலையைத் தமிழ் இலக்கணிகள் அறிந்திருந்தனர். நன்னூலார் கூறும் தகுதி வழக்கு மூன்றும், அதாவது இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி ஆகியவை, ஒரு பொருளை அதற்குரிய இயல்பான சொல்லால் கூறாது, தகுதி நோக்கி வேறொரு சொல்லால் கூறுதலைப் பற்றியவை. இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. சொல் எதைக் குறிக்கிறது என்பதோடு, யார், எவரிடம், எச்சூழலில் கூறுகிறார் என்பதையும் இலக்கணி பொருளின் பகுதியாகக் கொண்டார்.

மேலைநாட்டு மொழியியலில் வைன்ரைக், மக்காய் முதலியோர் மரபுத்தொடரின் பகுக்கவியலாத் தன்மையை வற்புறுத்தினர். 1994இல் நன்பர்க், சாக், வாசோ ஆகியோர் மரபுத்தொடர் பலவற்றில் உறுப்புச் சொற்களுக்கும் ஓரளவு பொருட்பங்கு உண்டு எனக் காட்டினர். 'எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுதல்' என்பதில் தீ பகைமையையும் எண்ணெய் அதனை வளர்க்கும் சொல்லையோ செயலையோ குறித்தல் காண்க. 'மண்டையைப் போடுதல்' என்பதில் இவ்வாறு பிரித்துக் காட்ட ஏதுமில்லை. முதல்வகைத் தொடரை மாணவர் ஊகித்துணரலாம். இரண்டாம் வகையை வழக்கறிந்தே உணர முடியும்.

தமிழில் இன்னுமோர் இலக்கணக் குறிப்பு உண்டு. 'கையைக் கழுவினான்' என்பதில் இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்பட்டு நிற்கிறது; அது நேர்ப்பொருள். 'அவனைக் கைகழுவினான்' என்னும்போது உருபு மறைந்து, 'கைகழுவு' ஒரே வினையாகி, வேறொரு செயப்படுபொருளை ஏற்கிறது. 'கண்ணை மூடினார்' என்பதற்கும் 'கண்மூடினார்' என்பதற்கும் உள்ள வேறுபாடும் இத்தகையதே. எல்லா மரபுத்தொடர்களும் இவ்விதிக்கு உட்படா. 'கையை விரித்தான்' என்பதில் உருபு நின்றே மரபுப்பொருள் தருகிறது. எனினும் தொடரின் வடிவமே பொருளுக்குத் திறவுகோலாகும் இடங்கள் பல என்பது தெளிவு. இருபத்திப் பட்டியலில் வடிவம் பற்றிய குறிப்பு இடம்பெறுவதில்லை.

4. பட்டியல் தவறும் இடங்கள்

4.1 காலை இழுத்தலும் காலை வாருதலும்

'புல் சம்வன்ஸ் லெக்' என்னும் ஆங்கிலத் தொடர் சொல்லுக்குச் சொல் 'ஒருவரின் காலை இழுத்தல்' எனப்படும். அதன் பொருள், நம்பத்தகாத ஒன்றை மெய்போலச் சொல்லி விளையாட்டாக ஏமாற்றுதல் என்பது. தமிழில் 'காலை வாருதல்' என்பது நம்பியவரைக் கவிழ்த்தல். மலையாளத்தின் 'காலுவாருக' என்பதும் இதே பொருளுடையது. தேர்தற் காலச் செய்திகளில் அது பெரிதும் பயில்கிறது. இரு மொழிகளும் ஒருமுகமாக ஆங்கிலத்திற்கு எதிர்த்திசையில் நிற்கின்றன. எனவே எல்லைப்பகுதி மாணவருக்கு இத்தவறான பொருள் இருமடங்கு வலிமையுடன் தோன்ற வாய்ப்புண்டு. 'மாமா என் காலை வாரினார்' என்று ஒரு மாணவர் மொழிபெயர்த்தால், மருமகனிடம் கேலி பேசிய மாமா துரோகியாகிவிடுகிறார். 'கேலி செய்தல்' என்று மட்டும் பட்டியலில் எழுதினாலும் போதாது. 'காலை வாருதல் அன்று' என்னும் எதிர்மறைக் குறிப்பே இங்கு மாணவருக்குத் தேவையானது.

4.2 கைகழுவுதல்

'வாஷ் ஒன்ஸ் ஹேண்ட்ஸ் ஆஃப்' என்னும் தொடர் பிலாத்து மக்கள் முன் கைகழுவிய விவிலிய நிகழ்ச்சியோடு தொடர்புடையது. 'இதன் விளைவிற்கு இனி நான் பொறுப்பல்லேன்' என்று அறிவித்து ஒதுங்குதல் அதன் பொருள். பட்டியல்கள் இதற்குக் 'கைகழுவுதல்' என்றே எழுதுதல் இயல்பு. சொற்கள் பொருந்துகின்றன, பொருள் முழுதும் பொருந்தவில்லை. தமிழில் கைகழுவப்படுவது பெரும்பாலும் ஆள். தன்னை நம்பியிருந்தவரைக் கைவிடுதல் என்னும் பழிப்பு அதில் உண்டு. ஆங்கிலத்தில் பழிப்பு கட்டாயமன்று. தன் அறிவுரை ஏற்கப்படாததால் மனம் நொந்து ஒதுங்குபவரும் அத்தொடரைத் தம்மைப் பற்றியே கூறுவர். 'தலைமுழுகுதல்' இன்னும் கடுமையானது. இறப்பிற்குப்பின் நீராடும் வழக்கம் அதன் பின்னணியாதலால் உறவையே அறுத்தலைக் குறிக்கும்.

மலையாளத்தில் பொறுப்பிலிருந்து 'கைகழுகி' என நீங்கற்பொருளில் இத்தொடர் வழங்குகிறது. ஆளைக் கைவிடுதற்குக் 'கையொழியுக' என்ற வேறு சொல் அங்கு உள்ளது. ஆகவே ஆங்கிலத் தொடரின் பொருளமைப்பிற்கு மலையாள வழக்கே நெருங்கியது. மலையாளச் செய்தித்தாள் படிக்கும் சிற்றூர் மாணவர் மதுரை மாணவரைவிட இத்தொடரை எளிதில் உணர வழியுண்டு. அவ்வழியைப் பாடநூல் பயன்படுத்துவதில்லை.

4.3 கண்மணி

'ஆப்பிள் ஆஃப் ஒன்ஸ் ஐ' என்பதற்குக் 'கண்ணின் மணி' எனப் பட்டியல்கள் தரும் பொருள் மிகச் சரியானது. அது ஏன் சரி என்பதை அவை கூறாமையால் மாணவர் ஆப்பிள் பழத்திற்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு என்று திகைக்கின்றனர். பழைய ஆங்கிலத்தில் அச்சொல் கண்ணின் கருமணியையும் குறித்தது. ஆகவே இவ்விடத்தில் ஆங்கிலமும் தமிழும் ஒரே படிமத்தையே கையாள்கின்றன. மலையாளம் அன்புக்குரியவரைக் 'கண்ணிலுண்ணி' என்கிறது. உண்ணி என்பது குழந்தை. தமிழில் கண்மணிக்குப் 'பாவை' என்றும் பெயர் உண்டு. பாவை என்பது பொம்மையும் பெண்ணும் ஆம். இலத்தீனில் கண்மணியைக் குறிக்கும் 'பூப்பில்லா' என்னும் சொல்லும் சிறு பெண், பொம்மை என்ற பொருளினின்று வந்ததே. எதிரே நிற்பவரின் சிற்றுருவம் கருமணியில் தெரிவதே இப்பெயர்களுக்கு அடிப்படை. இந்த விளக்கம் நான்கு வரிகளில் அடங்கும். அதைப் படித்த மாணவர் அத்தொடரை மறக்கமாட்டார் என்பதோடு, தம் மொழியின் ஒரு சொல்லையும் புதிதாக அறிவார்.

4.4 யானை வாயும் கொல்லன் தெருவும்

'எ டிராப் இன் தி ஓஷன்' என்பதற்கு 'யானைப் பசிக்குச் சோளப்பொரி' என்பர். மலையாளத்தில் இது 'ஆனவாயில் அம்பழங்ங' ஆகும். யானை இரு மொழிக்கும் பொது. உணவு மட்டும் நிலத்திற்கேற்ப மாறுகிறது. புன்செய் நிலத்தார் சோளத்தைக் கூறினர். ஈரமலை நாட்டார் புளிப்புக்காய் ஒன்றைக் கூறினர். நிலக்கரி விளையும் நியூகாசிலுக்கே நிலக்கரி கொண்டு செல்லுதல் என்ற ஆங்கிலத் தொடருக்குத் தமிழில் 'கொல்லன் தெருவில் ஊசி விற்றல்' என்றும், மலையாளத்தில் கொல்லக்குடியில் ஊசி விற்றல் என்றும் வழங்குகின்றன. ஊசி விற்கும் இவ்வுவமை பழமொழி நானூற்றின் காலத்திலேயே வழங்கிய தொன்மையுடையது. இவ்விடங்களில் தமிழும் மலையாளமும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன. இரண்டையும் அறிந்த மாணவருக்கு எந்த இடர்ப்பாடும் இல்லை.

'லெட் தி கேட் அவுட் ஆஃப் தி பேக்' என்பது சற்றே வேறுபட்டது. தமிழ் இதழ்கள் 'பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது' என எழுதுகின்றன. மொழிபெயர்ப்பில் பை மறைந்து பூனை மட்டும் எஞ்சியது. மலையாளத்தில் 'பூச்சு புறத்தாயி' என்பர். இங்கே பூச்சு என்பது பூனை அன்று. மறைத்து வைத்த பொய்ம்மை. பூனையைக் குறிக்கும் 'பூச்ச' என்னும் மலையாளச் சொல்லோடு ஒலி ஒத்திருப்பது தற்செயலானது. பொருளால் இதற்கு இணையான பழைய தமிழ் வழக்கு 'குட்டு வெளிப்பட்டது' என்பதே.

4.5 அளவும் கால இடைவெளியும்

மிகுந்த மழையைக் குறிக்கும் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்பதற்கு 'அடைமழை' எனப் பொருள் கூறுவோர் உளர். அடைமழை விடாது பெய்வது. ஆங்கிலத் தொடர் சுட்டுவது பொழிவின் வேகத்தை. 'பேய்மழை', 'கொட்டித் தீர்த்தல்' ஆகியவையும், 'துள்ளிக்கொரு குடம்' என்ற மலையாள வழக்கும் அதற்கு நெருங்கியவை. தென்மேற்குப் பருவமழையில் நாள்கணக்கில் நனையும் மூணாற்று மாணவருக்கு இவ்விரு மழைகளின் வேறுபாட்டை விளக்கவே தேவையில்லை. சொற்களைச் சரியாகப் பிரித்துக் காட்டினால் போதும்.

மிக அரிதாக நிகழ்வதைக் குறிக்கும் 'ஒன்ஸ் இன் எ புளூ மூன்' என்பதற்கு 'அத்தி பூத்தாற்போல' என்பது பொருத்தமான ஒப்பு. மூணாற்றுப் பகுதி ஆசிரியர் ஒருவர் 'குறிஞ்சி பூத்தாற்போல' என்று விளக்க எண்ணுதல் இயல்பே. 2006இலும் 2018இலும் அம்மலைகள் நீலநிறம் பூண்டதை மாணவர் கண்டும் கேட்டும் அறிவர். ஆயினும் குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டிற்கொரு முறை தவறாது பூப்பது. ஆங்கிலத் தொடரில் அத்தகைய கால ஒழுங்கு கருதப்படுவதில்லை. அத்தியின் பூவோ காய்க்குள் மறைந்திருப்பதால் எவர் கண்ணிலும் எளிதில் படாதது. எப்போது என்று கூறவியலாத அருமையை அத்தியே உணர்த்துகிறது.

4.6 தகுதி

'கிக் தி பக்கெட்' என்பதற்கு 'இறத்தல்', 'காலமாதல்' என்று பொருள் தரும் பட்டியல் பாதிப் பொருளையே தருகிறது. இத்தொடர் மரியாதையற்ற, வேடிக்கைப் பேச்சிற்குரியது. நன்னூலார் கூறும் மங்கல வழக்கிற்கு நேரெதிரான இடத்தில் இது நிற்கிறது. தமிழில் 'மண்டையைப் போட்டான்' என்பதும், மலையாளத்தில் 'வடியாயி' என்பதும் இதற்கு இணை. 'காலமானார்' என்பது தமிழில் எவர்க்கும் பொருந்தும் மதிப்புரவுச் சொல். மலையாளத்தின் 'காலம் செய்து' என்பது பெரும்பாலும் கிறித்தவ ஆயர்களின் மறைவிற்கே வழங்குவது. இவ்வேறுபாட்டை அறியாத மாணவர் தம் தலைமையாசிரியரின் மறைவு குறித்து எழுதும் ஆங்கில இரங்கல் மடலில் அத்தொடரைக் கையாண்டால் ஏற்படும் விளைவு மதிப்பெண் இழப்போடு முடியாது.

5. மலையாளத்தின் இடம்

மேற்கண்ட தொடர்களைத் தொகுத்து நோக்கின் நான்கு நிலைகள் புலனாகின்றன. மூன்று மொழிகளும் ஒன்றுபடுதல், தமிழும் மலையாளமும் ஒன்றுபட்டு ஆங்கிலம் விலகுதல், மலையாளம் ஆங்கிலத்தை நெருங்குதல், படிமம் வேறுபட்டுக் கருத்து மட்டும் ஒன்றுதல் என்பன அவை. தமிழ்நாட்டு மாணவருக்கென எழுதப்பட்ட பட்டியல் எல்லைப்பகுதி மாணவரின் இரண்டாம், மூன்றாம் நிலைகளை அறியாது. மலையாள மாணவருக்கென எழுதப்பட்டது அவர்தம் தமிழை அறியாது.

தமிழ்வழிப் பாடத்தில் மலையாள வழக்கைக் காட்டுவது தமிழின் உரிமையைத் தளர்த்தாதா என்னும் வினா எழலாம். பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் 2017இல் இயற்றப்பட்டபோது காசர்கோட்டுக் கன்னடரிடையே எழுந்த எதிர்ப்பை நோக்க, இவ்வச்சம் அடிப்படையற்றதன்று. ஆனால் இங்கு முன்வைக்கப்படுவது பயிற்றுமொழி மாற்றம் அன்று. விளக்கம் தமிழிலேயே அமையும். மலையாள வழக்கு ஒப்பீட்டிற்குரிய சான்றாக மட்டும் இடம்பெறும். ஒப்பிடுவதால் தமிழ் வழக்கின் தனித்தன்மை மேலும் துலங்குமேயன்றி மங்காது.

எல்லைத் தமிழரின் பேச்சு 'கலப்பு' என்று இகழப்படுவதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. முகத்துதி செய்தலைத் தமிழ்நாட்டில் 'ஐஸ் வைத்தல்', 'காக்காய் பிடித்தல்' என்பர். மலையாளத்தில் 'சோப்பிடுக' என்பது பெருவழக்கு. எல்லைப்பகுதிச் சிறுவர் ஒருவர் மலையாள வழக்கைத் தமிழில் கூறினால் அது பிழையெனத் திருத்தப்படுகிறது. ஆனால் வெண்ணெய் தடவுதல் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரை உணர்வதற்கு, ஐஸ், சோப்பு ஆகிய இரண்டையும் அறிந்த அச்சிறுவருக்கே கூடுதல் வாய்ப்பு உண்டு. வழுவழுப்பும் குளிர்ச்சியும் புகழ்ச்சிக்கு உவமையாகும் முறை அவருக்கு முன்பே பழகியது.

நம் இலக்கண மரபு இவ்வகையில் இன்றைய திருத்தங்களினும் விரிந்த நோக்குடையது. செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலங்களுள் குட்டமும் குடமும் வேணும் பூழியும் அடங்கும். குட்டநாட்டார் தாயைத் 'தள்ளை' என்றும், குடநாட்டார் தந்தையை 'அச்சன்' என்றும் வழங்கியதை உரையாசிரியர்கள் திசைச்சொல்லாகப் பதிவுசெய்தனர், பிழையெனத் தள்ளவில்லை. மொழியியலில் கும்பெர்சும் வில்சனும் 1971இல் வெளியிட்ட குப்வார் ஆய்வு, மராத்தியும் கன்னடமும் உருதுவும் ஒரே சிற்றூரில் வழங்கும்போது சொற்கள் வேறாக நிற்கத் தொடரமைப்பு ஒன்றுபடுவதைக் காட்டியது. மொழிக்கலப்பு என இகழப்படுவது பன்மொழிச் சமூகத்தின் இயல்பான அறிவு வடிவம் என்பதற்கு அது நல்ல சான்று.

6. மாற்று அமைப்பு

இருபத்திப் பட்டியலுக்கு மாற்றாக ஒவ்வொரு தொடருக்கும் ஐந்து கூறுகள் கொண்ட பதிவு தேவை. சொல்வழிப் பொருள், வழக்குப் பொருள், தமிழ் ஒப்பு, மலையாள ஒப்பு, பயன்பாட்டு எல்லை என்பன அவை. தமிழுக்கு மொழி அறக்கட்டளையின் 'தற்காலத் தமிழ் மரபுத்தொடர் அகராதி' (1997) உள்ளமையால் தமிழ் ஒப்புகளைத் தேர்தல் அரிதன்று. எடுத்துக்காட்டாக, முன்னர்க் கூறிய காலை இழுத்தல் தொடரின் பதிவு பின்வருமாறு அமையலாம்:

சொல்வழிப் பொருள்: ஒருவரின் காலை இழுத்தல்.
வழக்குப் பொருள்: பொய்யை மெய்போலக் கூறி விளையாட்டாக ஏமாற்றுதல்.
தமிழ் ஒப்பு: கேலி செய்தல், கிண்டல் செய்தல். 'காலை வாருதல்' ஒப்பன்று.
மலையாள ஒப்பு: களியாக்குக. 'காலுவாருக' ஒப்பன்று.
பயன்பாட்டு எல்லை: நெருங்கியவரிடையே வழங்குவது; தீங்கு கருதாதது; அலுவல் மடலுக்கு ஏலாதது.

எல்லாத் தொடர்களுக்கும் ஐந்து கூறுகளும் சம அளவில் வேண்டா. 'முதலைக் கண்ணீர்' போல மூன்று மொழிக்கும் பொதுவாகிவிட்டவற்றிற்கு ஒரு வரி போதும். மயக்கம் தரும் தொடர்களுக்கே விரிவான பதிவு வேண்டும். நூறு தொடர்களை மேலோட்டமாக மனனம் செய்வதினும் முப்பது தொடர்களை இவ்வாறு உணர்ந்து கற்பது பயனுடையது.

7. முடிவுரை

மரபுத்தொடரின் பொருள் ஒரு சொல்லுக்கு ஈடாக மற்றொரு சொல்லை வைப்பதால் கிடைப்பதன்று. படிமம், வடிவம், தகுதி ஆகிய மூன்றும் சேர்ந்தே அப்பொருள் அமைகிறது. இருபத்திப் பட்டியல் இம்மூன்றையும் விட்டு எஞ்சியதையே தருகிறது. பாலக்காடு, இடுக்கி எல்லைத் தமிழ் மாணவர் இரு திராவிட மொழிகளின் வழக்கறிவோடு ஆங்கில வகுப்பிற்குள் நுழைகின்றனர். அவ்வறிவைக் குறையாகக் கருதி ஒதுக்கும்வரை அவர்கள் மனனம் செய்வோராகவே இருப்பர். அதனைக் கருவியாகக் கொள்ளும் பாடநூல் ஒன்று அப்பகுதி ஆசிரியர்களின் பங்கேற்போடு உருவாக்கப்பட வேண்டும். அப்பணிக்குத் தேவையான சான்றுகள் அம்மாணவரின் அன்றாடப் பேச்சிலேயே உள்ளன. அவற்றைத் தொகுப்பதே முதற்பணியாகும்.